சொற்கள் சேருமிடத்தைப் பாருங்கள்: தமிழ்ச் சொற்பிழைதிருத்தி ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

உரைத்தொகுப்பிகளுக்கும் உலாவிகளுக்கும் தமிழ்ச் சொற்பிழைதிருத்தி ஆக்கித் தருகிற, அவற்றின் சொற்பட்டியலையும் விதிக்கோப்பையும் பேணி வருகிற அனைவருக்கும்,

வணக்கம்.

மதுரையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் 22 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். முதல் பத்தாண்டுகள் தாளில், சிவப்பு மையில் திருத்தினேன். இப்போது பெரும்பாலும் திரையில். நாள் முழுக்கத் தமிழ் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, நீங்கள் ஆக்கித் தரும் கருவி பக்கத்து நாற்காலியில் இருக்கும் இன்னொரு மெய்ப்பாளர் மாதிரி. உங்களில் பலர் சம்பளம் ஏதும் வாங்காமல், அன்றாட வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து சொற்பட்டியல்களைச் செப்பனிடுகிறீர்கள் என்பதை அறிவேன். ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்றே எழுதிப் பழகிய எத்தனையோ கைகளை உங்கள் சிவப்புக் கோடு தடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் ஒரு குறையை இனியும் சொல்லாமல் இருப்பது நான் செய்யும் தொழிலுக்கு நியாயமாகாது.

சென்ற ஆண்டு சிறுவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்று என் மேசைக்கு வந்தது. பக்கம் கட்டிய பெண் மிகவும் கவனமானவர். அச்சுக்குப் போகும் முன் கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து, சிவப்புக் கோடு விழுந்த ஒவ்வொரு சொல்லிலும் நின்று, கருவி காட்டிய முதல் பரிந்துரையை ஏற்று, கோடே இல்லாத சுத்தமான கோப்பாக எனக்கு அனுப்பியிருந்தார். படிக்கத் தொடங்கினேன். 1928 பிப்ரவரி 28 அன்று சி.வி. ராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் ‘கண்டு பிடித்தார்’ என்று இருந்தது. ஓடிய திருடனைக் கண்டு, எட்டிப் பிடித்ததுபோல. நூலில் வரும் அறிவியலாளர்கள் அத்தனை பேரும் இப்படியே எதையோ கண்டு, பிடித்திருந்தார்கள். செவ்வாய்க் கோளைப் பற்றிய பக்கத்தில், ‘ஒருவேளை அங்கே உயிர்கள் வாழ்ந்திருக்கலாம்’ என்று ஆசிரியர் ஐயத்தோடு எழுதிய வாக்கியம், ‘ஒரு வேளை அங்கே உயிர்கள் வாழ்ந்திருக்கலாம்’ என்று மாறி, சாப்பாட்டு வேளையை நினைவூட்டியது. அதே பக்கங்களில் ‘அந்த பாறைகள்’, ‘அதை கண்ட’, ‘பூமிக்கு பக்கத்தில்’ என்று வல்லினம் மிக வேண்டிய இடங்களிலெல்லாம் ஒற்று விடுபட்டுக் கிடந்தது. அவற்றின்மீது ஒரு கோடும் விழவில்லை. ‘அந்த’, ‘பாறைகள்’, ‘அதை’, ‘கண்ட’ எல்லாமே தனித்தனியே சரியான சொற்கள் அல்லவா? சரியாக இருந்தவை கோடு வாங்கிப் பிழையாயின. பிழையாக இருந்தவை கோடு வாங்காமல் தப்பின. அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமே இல்லை. அவர் கருவியை நம்பினார். நம்பத்தக்க கருவியாக அது இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

இதன் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கருவி சொல்லைப் பார்க்கிறது. தமிழில் பிழை நேர்வதோ பெரும்பாலும் சொல்லும் சொல்லும் சேருமிடத்தில். நம் இலக்கணிகள் இதை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமே சான்று. அதன் 9 இயல்களில், புணரியலில் தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் முடிய 6 இயல்கள், நிலைமொழியின் கடைசி எழுத்தும் வருமொழியின் முதல் எழுத்தும் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதைப் பற்றியவை. எழுத்தைப் பற்றி எழுத வந்த ஒருவர் மூன்றில் இரண்டு பங்கு இயல்களைப் புணர்ச்சிக்கு ஒதுக்கியிருக்கிறார். நம் கருவிகளோ இடைவெளிக்கும் இடைவெளிக்கும் நடுவில் கிடப்பதை மட்டும் அள்ளி எடுத்து, பட்டியலில் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன.

லிப்ரேஆபீஸ் உரைத்தொகுப்பி, ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகள் ஆகிய மூன்றிலும் உள்ளே சொற்பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்னும் கட்டற்ற பொறி. ஒட்டுநிலை மொழியான ஹங்கேரியனுக்காக லாஸ்லோ நெமெத் எழுதியது அது. ஒரு கோப்பில் அடிச்சொற்கள், இன்னொரு கோப்பில் அவை ஏற்கும் விகுதிகளின் விதிகள் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும் அதன் அமைப்பு நம் வேற்றுமை உருபுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ‘மரம்’ என்று ஒரு சொல்லை வைத்து, ‘ம்’மை நீக்கி ‘த்தை’, ‘த்தில்’, ‘த்துக்கு’ சேர்க்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

‘அந்தப் பையன்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ‘அந்தப்’ என்ற வடிவத்தைக் கருவி ஏற்க வேண்டுமானால் அதைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். அப்படியே ‘அந்தக்’, ‘அந்தச்’, ‘அந்தத்’ எல்லாவற்றையும் சேர்க்கிறோம். சேர்த்த மறுகணமே ‘அந்தப் கடை’, ‘அந்தக் பையன்’ என்று எழுதினாலும் கருவி வாய் திறக்காது; அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. ஒற்று இல்லாத ‘அந்த பையன்’ ஏற்கெனவே தப்பிவிட்டது. ஆக, தமிழில் எழுதுவோர் அதிகம் தடுமாறும் ஒற்றுப்பிழையில் கருவி ஒரு உதவியும் செய்யவில்லை. தவறான ஒற்றுக்கும் அனுமதிச்சீட்டு கொடுத்திருக்கிறது.

ஒற்று மிகுவதும் மிகாமையும் பொருளைச் சார்ந்தவை, அதை இயந்திரம் எப்படி அறியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்கிறீர்கள் என்றும் அறிவேன். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இந்த மடலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

துணைவினை சேர்ந்த கூட்டுச்சொற்களைப் பாருங்கள். ‘கேட்டுக்கொண்டு’, ‘பார்த்துக்கொண்டு’, ‘பெற்றுக்கொண்டு’ என்று எழுதுகிறோம். ‘வந்துகொண்டு’, ‘நின்றுகொண்டு’, ‘செய்துகொண்டு’, ‘அழுதுகொண்டு’ என்றும் எழுதுகிறோம். முதல் மூன்றில் ‘க்’ மிகுந்தது, மற்றவற்றில் மிகவில்லை. இதற்குப் பொருள் காரணமில்லை. வினையெச்சம் வன்தொடர்க் குற்றியலுகரத்தில், அதாவது ‘ட்டு’, ‘த்து’, ‘ற்று’ என்று முடிந்தால் மிகும். மென்தொடர், இடைத்தொடர், உயிர்த்தொடர்களில் முடிந்தால் மிகாது. ‘எழுதி’, ‘ஓடி’ என இகரத்தில் முடிந்தால் மிகும். ‘போய்’ என யகர ஒற்றில் முடிந்தாலும் மிகும். இதை முடிவு செய்ய இயந்திரத்துக்கு மனித அறிவு தேவையில்லை, கடைசி இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் போதும். இந்த ஒரு விதியை எழுதிவிட்டாலே ‘வந்துக்கொண்டு’, ‘செய்துக்கொடுத்தார்’, ‘பார்த்துகொள்’ ஆகிய பிழைகள் பிடிபடும். நான் ஒரு நாளில் திருத்தும் ஒற்றுப்பிழைகளில் இந்த வகை எப்போதும் முன்வரிசையில் நிற்கும்.

ஆனால் இந்த விதியை எழுதும்போது ஒரு பள்ளம் உண்டு. அதை நானே காட்டிவிடுகிறேன். ‘இருந்து’, ‘மருந்து’ இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ‘ருந்து’ என்றே முடிகின்றன. இரண்டும் மென்தொடர்க் குற்றியலுகரங்களே. ‘இருந்துகொண்டு’ என்பதில் ஒற்று மிகாது. ‘மருந்துக்கடை’ என்பதில் மிகும். முன்னது வினையெச்சம், பின்னது பெயர். ஆகவே அடிச்சொல் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது பெயரா, வினையெச்சமா, பெயரெச்சமா, இடைச்சொல்லா என்ற அடையாளம் கட்டாயம் இருக்க வேண்டும். வலைப்பக்கங்களிலிருந்து சொற்களை வாரிக் குவித்து, அடிக்கடி வருபவற்றைச் சரியானவை என்று கொண்டு ஆக்கிய பட்டியல்களில் இந்த அடையாளம் இருக்க வழியில்லை. அதோடு, எல்லோரும் செய்யும் பிழை அடிக்கடி வரும் சொல்லாகி, பட்டியலுக்குள் குடியேறிவிடும் ஆபத்தும் அங்கே உண்டு.

இப்போது அந்தக் கேள்வியில் உண்மையாக இருக்கும் பாதிக்கு வருகிறேன். பெயரோடு பெயர் சேரும் தொகைகளில் இயந்திரம் திணறத்தான் செய்யும். ‘குடி’ என்ற சொல் ஒன்றுதான். ‘குடிப்பழக்கம்’ என்பதில் அது பெயர், ஒற்று மிகுகிறது. ‘குடிதண்ணீர்’ என்பதில் அது வினைப்பகுதி, தொகை வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘கை’ குட்டையோடு சேர்ந்தால் ‘கைக்குட்டை’. காலோடு சேர்ந்தால் உம்மைத்தொகையாகி ‘கைகால்’. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல். இவற்றை எழுத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் இவற்றிலும் ஒரு வகையைக் கைக்குள் அடக்கலாம். உம்மைத்தொகையாக ஒட்டி எழுதப்படுபவை பெரும்பாலும் வழக்கில் இறுகிப்போன இணைகள்: தாய்தந்தை, இரவுபகல், செடிகொடி, கைகால், வெற்றிலைபாக்கு, காய்கறி, சட்டதிட்டம். இவற்றைப் பட்டியலாகவே எழுதி வைத்துவிடலாம். நானே எழுதித் தருவேன். வினைத்தொகைகளில் ஊறுகாய், சுடுகாடு, விடுகதை, எரிபொருள் போன்ற பழையவற்றையும், ஏவுகணை, தேடுபொறி போன்ற புதியவற்றையும் அப்படியே சேர்க்கலாம். ‘வேலை கொடுத்தான்’ போன்ற இடங்களில் கருவி இரண்டு வடிவத்தையும் விட்டுவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் மெய்ப்பாளர், எல்லாவற்றிலும் பேனாவை வைப்பவரைவிட நல்லவர்.

உங்கள் கருவியின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பிழையைத் திருத்துவது என்னும் பொருளில் ‘பிழைதிருத்தி’ என்பது இரண்டாம் வேற்றுமைத்தொகை. ‘நூல் படித்தான்’ என்பதைப் போல அதில் வல்லினம் மிகாது. ஆனால் ‘பிழைத்திருத்தி’ என்று எழுதுவோரும் நிறையப் பேர். இரண்டில் எதைச் சரி என்பது என்று உங்கள் சொற்பட்டியல் என்றேனும் ஒரு முடிவெடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிரல் எழுதத் தெரியாத நான் அடுத்துச் சொல்வது, உங்கள் விதிக்கோப்புகளைத் திறந்து பல மாலைகள் படித்துப் புரிந்துகொண்டது. ஹன்ஸ்பெல்லில் சொற்களைக் கூட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் கூட்டில் இடம்பெறும் சொல் குறைந்தது இத்தனை எழுத்து நீளம் இருக்க வேண்டும் என்று ஓர் அளவும் உண்டு. விதிக்கோப்பில் யாரும் மாற்றாவிட்டால் அந்த அளவு 3. இந்த 3 என்பது நம் எழுத்துக் கணக்கு அன்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளின் கணக்கு. ‘தலை’யில் த, ல, ஐகாரக் குறி என்று மூன்று குறியீடுகள், அது தேறிவிடும். ‘பூ’வில் பகரமும் ஊகாரக் குறியும் சேர்ந்து இரண்டே; ‘கை’, ‘தீ’, ‘நா’, ‘பா’, ‘மா’ எல்லாம் இரண்டே. ஆகவே பூக்கூடையும் தீக்குச்சியும் கைப்பிடியும் கூட்டுச்சொற்களாகக் கருவியின் கண்ணில் படவே படாது. ஓரெழுத்து ஒருமொழிகளை நன்னூல் ‘ஆறேழ்’ என்று, 42 ஆக எண்ணிச் சொல்கிறது. அத்தனையையும் இந்த இயல்பளவு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சரி, அளவை 1 ஆகவோ 2 ஆகவோ குறைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. கட்டுப்பாடில்லாமல் எல்லாம் எல்லாவற்றோடும் கூடலாம் என்று விட்டால் வேறொரு கேடு வரும். ‘சேவை’ என்று அடிக்க நினைத்தவர் கை தவறி ‘சோவை’ என்று அடித்தால், மதில் என்று பொருள்படும் ‘சோ’வும் கூர்மை என்று பொருள்படும் ‘வை’யும் சேர்ந்த கூட்டுச்சொல் என்று கருவி அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டுமே அந்த 42இல் உள்ளவை. ஆகவே எல்லாச் சொல்லுக்கும் ஒரே கதவு என்று வைக்காமல், இன்று கூட்டுச்சொல் ஆக்கத்தில் உயிரோடு இருக்கும் பூ, தீ, கை, நா போன்ற சிலவற்றுக்கு மட்டும், அவை முதலில் நிற்கும்போது மட்டும் என்று வகுத்துத் திறக்க வேண்டும். முதலில் வரத்தக்கது, நடுவில் வரத்தக்கது, கடைசியில் வரத்தக்கது என்று சொற்களைப் பிரித்து அடையாளமிடும் வசதி அந்தப் பொறியிலேயே இருக்கிறது.

உயிரெழுத்தில் தொடங்கும் வருமொழிகளின் நிலை இன்னும் மோசம். தமிழ் + ஆசிரியர் = தமிழாசிரியர். பள்ளிக் குழந்தை இதைப் பிரித்துச் சொல்லும். கருவி பிரிக்கப் போனால் ‘தமிழ’ என்ற துண்டும், ஆகாரக் குறியில் தொடங்கும் ‘சிரியர்’ என்ற துண்டும்தான் அதன் கையில் மிஞ்சும். யூனிகோடில் தனியே நிற்கும் ‘ஆ’ ஒரு குறியீடு, மெய்யோடு ஒட்டிய ஆகாரக் குறி வேறொரு குறியீடு. ‘தமிழ்’ என்பதன் புள்ளியும் காணாமல் போயிருக்கும். அகராதியில் ‘தமிழ்’ இருக்கிறது, ‘ஆசிரியர்’ இருக்கிறது. ‘தமிழாசிரியர்’ என்பதற்குள் மட்டும் இரண்டுமே அதற்குத் தென்படுவதில்லை. ‘பள்ளியாசிரியர்’ என்று உடம்படுமெய் வந்தாலும், ‘மரவேர்’ என்று மகரம் கெட்டாலும், ‘பொற்குடம்’ என்று னகரம் றகரமாகத் திரிந்தாலும் இதே கதைதான்.

இதற்கும் வழி இல்லாமலில்லை. எந்த எழுத்தில் முடியும் சொல்லும் எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லும் கூடக் கூடாது, கூடினால் அந்த இடத்தில் என்ன எழுத்து வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஹன்ஸ்பெல்லில் ‘செக்காம்பவுண்ட்பேட்டர்ன்’ என்ற கட்டளை இருக்கிறது. சூர்ய, உதயம் என்ற இரண்டும் சேர்ந்து சூர்யோதயம் ஆகும் தெலுங்குப் புணர்ச்சியை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய சோதனைக் கோப்பு ஒன்று அதன் மூலநிரலோடேயே வருகிறது. நம் பக்கத்து மொழியின் புணர்ச்சிக்குத் திறந்த கதவு அது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரங்களை மூன்றாக வகுத்துப் பெயரிட்டு வைத்திருக்கும் நாம் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

அந்தக் கட்டளையும் போதாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். பின்லாந்துக்காரர்கள் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். அவர்கள் மொழியின் சேர்க்கைகளுக்கு இந்த அமைப்பு ஈடுகொடுக்காது என்று கண்டு, வொய்க்கோ என்னும் தனிப் பொறியையே உண்டாக்கிக்கொண்டார்கள். சொல்லின் அடிப்படை வடிவத்தையும் எழுதப்பட்ட வடிவத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒருசேர ஒப்பிட்டுச் செல்லும் இருநிலை உருபனியலை, 1983இல் மொழியியலாளர் கிம்மோ கொஸ்கென்னியெமி பின்லாந்தின் ஃபின்னிய மொழியை வைத்துத்தான் முன்வைத்தார். அந்த மரபில் தமிழுக்கும் தமிழிமார்ஃப் என்னும், சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் கட்டற்ற உருபன் பகுப்பி வந்திருக்கிறது. ஒற்றுப்பிழையை மட்டுமே குறிவைத்துப் பார்க்கும் ‘நாவி’ என்னும் கருவியும், ‘மென்தமிழ்’ போன்ற சொல்லாளர் மென்பொருள்களும் சேருமிடத்தைக் கருவியால் பார்க்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. இவை வேறொரு பெட்டியில் இருக்கின்றன. அன்றாடம் எழுதுபவரின் உலாவியிலும் உரைத்தொகுப்பியிலும் இயல்பாகத் திறந்தால் வருவதாக இல்லை. பக்கம் கட்டும் அந்தப் பெண் வேறொரு பெட்டியைத் தேடிப் போகமாட்டார். முன்னே விழும் கோட்டைத்தான் பார்ப்பார்.

அந்தக் கோடு எழுதுபவரின் கையை மெல்ல மெல்ல மாற்றுகிறது என்பதால்தான் எனக்கு இவ்வளவு கவலை. ஸ்வீடனில் இது நீண்ட நாள் பேச்சு. ஸ்வீடிய மொழியில் செவிலியரைக் குறிக்கும் கூட்டுச்சொல்லை நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் ‘நோயுற்ற செவிலி’ என்று பொருளாகிவிடும். சேர்த்தெழுத வேண்டியதைப் பிரித்தெழுதும் இந்தப் பழக்கத்துக்கு அங்கே தனிப்பெயரே உண்டு. கூட்டுச்சொற்களை அறியாத சொற்பிழைதிருத்திகளுக்கும் அதில் பங்குண்டு என்று அங்குள்ளோர் சொல்லி வருகிறார்கள். நம் நிலையும் அதுவே. ‘வான்வழித்தாக்குதல்’, ‘கரிமச்சுவடு’, ‘மின்கலத்தேய்வு’ என்று ஒரு கட்டுரையாளர் தயங்கித் தயங்கி ஒரு புதுச்சொல்லை ஆக்குகிறார். ஆக்கிய அந்தக் கணத்திலேயே அதன் கீழே சிவப்பு நெளிகிறது. தன்னம்பிக்கை உள்ளவர் கடந்து போவார். மற்றவர் சொல்லை உடைப்பார், அல்லது சொல்லையே கைவிட்டு ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டுவிடுவார். பெரும்பாலும் ஏற்கெனவே பட்டியலுக்குள் வந்துவிட்ட அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கோடு விழாது. தமிழில் அறிவியலும் சட்டமும் கணினியும் எழுத நமக்கு இருக்கிற பெரிய வளமே சொல்லோடு சொல் சேர்த்துப் புதுச்சொல் ஆக்கும் இந்த வழிதான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்கூட நாளை உருவாகப் போகும் தொகைச்சொல்லை இன்று அச்சிட்டுவிட முடியாது. எந்தப் பட்டியலாலும் முடியாது. அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். முதலாவது, நாளைக்கே செய்யக்கூடியது. ஒரு சொல் பட்டியலில் இல்லை என்றால் அதை இரண்டாக உடைத்து நடுவே இடைவெளி விட்டுக் காட்டும் பரிந்துரையைத் தமிழ் விதிக்கோப்பில் அணைத்து வையுங்கள். அதற்கென்றே ‘நோஸ்பிளிட்சக்ஸ்’ என்று ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது. ‘கண்டு பிடித்தார்’ என்ற பரிந்துரை இனி எந்தப் பிள்ளையின் பாடநூலுக்குள்ளும் நுழையாது. இதனால் இடைவெளி விடாமல் தவறுதலாக ஒட்டிவிட்ட சொற்களைப் பிரித்துக் காட்டும் நன்மை போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கோடு விழும், எழுதியவரே பார்த்துப் பிரித்துக்கொள்வார். சரியானதை உடைப்பதோடு ஒப்பிட்டால் அது சின்ன இழப்பு.

அடுத்து, சேருமிடத்தைப் பாராமலே பிடிக்கக்கூடிய பிழைகளை உறுதியாகப் பிடியுங்கள். தமிழ்ச் சொற்களில் ட், ற் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘கேட்க்க’, ‘கற்ப்பனை’ என எந்தச் சொல்லில் எங்கே வந்தாலும் பிழையே. ய், ர், ழ் ஆகிய மூன்றை அடுத்துத்தான் அப்படி வரும்: வாய்க்கால், பார்த்தான், வாழ்க்கை. இதற்குச் சொற்பட்டியல்கூட வேண்டாம். புதிதாக ஆக்கிய கூட்டுச்சொல்லிலும் இந்தப் பிழை இருந்தால் துணிந்து சிவப்புக் கோடு போடலாம்.

அப்படித் துணிய முடியாத இடத்தில் வேறு கோடு போடுங்கள் என்பது என் மூன்றாவது வேண்டுகோள். பிழைச்சொல்லுக்கும் கருவி அறியாச் சொல்லுக்கும் இன்று ஒரே சிவப்பு. தான் அறிந்த இரண்டு சொற்கள், தான் அறிந்த புணர்ச்சி விதிப்படி சேர்ந்திருக்கின்றன, ஆனால் சேர்ந்த சொல் பட்டியலில் இல்லை என்னும்போது அதை ஒரு சாம்பல் நிறப் புள்ளிக்கோட்டால் காட்டலாம், அல்லது காட்டாமலே விடலாம். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சேர்த்தும், ‘வந்து கொண்டிருக்கிறது’ என்று பிரித்தும் எழுதும் வழக்கங்கள் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வேறுபடும். எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி உண்டு. அதில் கருவி தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே கோப்பில் இரண்டும் கலந்து கிடந்தால் அதைச் சுட்டிக் காட்டினால் போதும். எனக்கு அது பெரிய உபகாரம்.

கடைசியாக, இரண்டு சொல்லை ஒருசேரப் பார்க்கும் ஒரு சிறு அடுக்கு. ‘அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி’ ஆகிய ஆறு சொற்கள், நான்காம் வேற்றுமை ‘கு’, அகரத்தில் முடியும் ‘செய்ய’ என்னும் வாய்பாட்டு எச்சம், ‘ஆக’ என்று முடியும் வினையடை: இவற்றுக்குப் பின் வல்லினத்தில் தொடங்கும் சொல் வந்தால் ஒற்று மிகும். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’யும் இப்படியே, ‘வேலை’ போல் ஐயத்துக்கு இடமான பெயர்களை மட்டும் ஒரு விலக்குப் பட்டியலில் வைத்துவிட்டால் போதும். லாங்குவேஜ்டூல் போன்ற இலக்கணக் கருவிகளில் தமிழுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. விதிகளை அங்கே எழுதினாலும் சரி, உங்கள் பொறியிலேயே எழுதினாலும் சரி. ஒற்றுப்பிழை அனைத்தையும் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐயமில்லாத இந்த ஐந்தாறு இடங்களில் பிடித்தாலே, என் மேசைக்கு வரும் கோப்புகளின் முகம் மாறிவிடும்.

கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. திருத்திய பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. பிழையான வடிவம் இடப்பக்கம், சரியான வடிவம் வலப்பக்கம், இடையில் காரணம். இப்போது ஏழு குறிப்பேடுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்து, நீங்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் எளிய உரைக்கோப்பு வடிவில், யாரும் எடுத்தாளக்கூடிய உரிமத்தோடு தரத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல் குறிப்பேடு வைத்திருக்கும் மெய்ப்பாளர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். ஒவ்வொரு முறை விதிக்கோப்பை மாற்றும்போதும் அந்த இணைகளை ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கச் சொல் ஒன்றின்மீது கோடு விழுந்தாலும் அந்த மாற்றத்தை வெளியிடாதீர்கள்.

முதல் தவணையாக, ஏற்க வேண்டிய பத்துச் சொற்கள்: மருந்துக்கடை, இருந்துகொண்டு, குடிதண்ணீர், குடிப்பழக்கம், கைகால், கைக்குட்டை, தமிழாசிரியர், ஒருவேளை, கண்டுபிடித்தார், தீக்குச்சி. தடுக்க வேண்டிய பத்து: மருந்துகடை, இருந்துக்கொண்டு, குடித்தண்ணீர், குடிபழக்கம், கைக்கால், கைகுட்டை, தமிழ்ழாசிரியர், ஒருவேலளை, கண்டுப்பிடித்தார், தீகுச்சி. இன்று உங்கள் கருவியில் இந்த இருபதையும் தட்டிப் பார்த்து, எத்தனை தேறின என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த தவணையை அந்த விடையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
மெய்ப்புப் பார்க்கும் ஒருவர்,
மதுரை